நீலப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்கும்போதெல்லாம் சீவக சிந்தாமணி, நீலகேசி என்று ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதித் தருவது என் வழக்கம். இந்த முறை செயலாளர் தொலைபேசியில், "ஐயா, வழக்கம்போல சமண இலக்கியம்தானே?" என்று கேட்டார். "இல்லீங்க, இந்த வருஷம் கைபேசியில வழி பார்க்கிறதைப் பத்தி எழுதப்போறேன்" என்றேன். சிரித்துவிட்டார். பருப்பு வியாபாரிக்கும் செயற்கைக்கோளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். சம்பந்தம் உண்டு. அது ஒரு மழை இரவில் ஏற்பட்டது.

எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். மும்பைக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வியாபாரம் வாஷி மார்க்கெட்டில், குடியிருப்பு டோம்பிவிலியில். இந்த ஊரை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிளக்கிறது. கிழக்கு என்பது ஓர் ஊர், மேற்கு என்பது இன்னோர் ஊர். கைதட்டினால் கேட்கிற தூரம்தான். ஆனால் வண்டியில் வரவேண்டுமானால் பாலம் ஏறிச் சுற்றித்தான் வரவேண்டும்.

2018-ஆம் வருஷம் ஆடி மாதம். மேற்கிலிருந்த பழைய வீட்டை விட்டு, கிழக்கில் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குக் குடிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊரிலிருந்து அண்ணன் வந்து தங்கியிருந்தார். இரவு பத்தரை மணி இருக்கும். "தம்பி, வலது கை என்னமோ மரத்துப்போன மாதிரி இருக்குடா" என்றார். சொல்லும்போதே நாக்கு குழறியது. மகன் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். டிரைவர், "லொகேஷன் அனுப்புங்க" என்றார். அனுப்பினான். பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "வாசல்ல நிக்கிறேன், யாரையும் காணோமே?" அவர் நின்றது மேற்கில், எங்கள் பழைய வீட்டு வாசலில்! கொட்டுகிற மழையில், அடைத்துக்கொண்டிருந்த பாலத்தைத் தாண்டி அவர் வந்து சேர மேலும் முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை பழைய நிலைக்கு வரவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் இருந்த ஏடுகளைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் படியெடுத்த கை அது. "முன்னாலேயே வந்திருந்தா கை சரியாகியிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாது. ஆனா இந்த நோயில ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு" என்றார்.

யாரைக் குறை சொல்வது? டிரைவர் புள்ளி காட்டிய இடத்துக்குத்தான் வந்தார். மகன் கையிலிருந்த கருவி காட்டியதைத்தான் அனுப்பினான். வியாபாரத்தில் சரக்கு குறைந்தால் நாங்கள் முதலில் ஆளைத் திட்டுவதில்லை. தராசைப் பார்ப்போம், எடைக்கல்லைப் பார்ப்போம், மூட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். அப்படித்தான் இதையும் பார்க்க உட்கார்ந்தேன். பட்டம் படித்தவன் அல்ல நான். பேரனின் பாடப் புத்தகத்தில் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புள்ளி எப்படிப் பிறக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். 'மேலேயிருந்து செயற்கைக்கோள் நம்மைப் பார்த்து, நீ இங்கே இருக்கிறாய் என்று சொல்கிறது' எனப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. கோயில் மணியைப்போல அது ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்பவர் யார் என்று மணிக்குத் தெரியுமா? 'நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு' என்பதுதான் அது வானொலி அலையாக ஓயாமல் சொல்லும் செய்தி. கேட்டுக் கணக்குப் போடுவது நம் கைபேசிதான்.

ஜி.பி.எஸ். என்ற அமெரிக்கக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அலை வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆகவே நேர் மேலே உள்ள கோளின் செய்தி நம்மை அடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கழித்தால் தூரம் கிடைத்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்த்து, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்களே, அதே கணக்குதான்.

ஒரு கோளின் தூரம் மட்டும் தெரிந்தால் போதாது. அந்தத் தூரத்தில் உலகத்தில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. இரண்டாவது கோளும் சொன்னால் இடம் குறுகும். மூன்றாவதும் சொன்னால் ஏறக்குறைய முடிந்துவிடும். பிறகு நான்காவது எதற்கு? இங்கேதான் தராசு வருகிறது.

கோளில் இருப்பது அணுக் கடிகாரம். கைபேசியில் இருப்பதோ மலிவான கடிகாரம். நேரத்தில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடத்தில் 300 மீட்டர் பிசகிவிடும்! தட்டு ஒரு பக்கம் சாய்ந்த தராசில் எதை நிறுத்தாலும் ஒரே அளவு தவறு வரும். கூடுதலாக ஓர் எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். நான்காவது கோள்தான் அந்த எடைக்கல். மூன்று கோள்கள் இடத்துக்கு, ஒன்று கடிகாரப் பிழைக்கு. அதனால்தான் குறைந்தது நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன.

ஐன்ஸ்டைன் சொன்ன சார்பியலும் இதில் கலந்திருக்கிறது. உயரத்தில் ஓடும் அந்தக் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகின்றன. இதை முன்கூட்டியே கழித்து வைத்திருக்கிறார்கள். கழிக்காவிட்டால் தூரக் கணக்கில் தினமும் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

பூமியை அளந்து இடத்தைக் குறிக்கும் வேலை நம் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, சென்னை பரங்கிமலைக்கருகில்தான் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியப் பெரும் அளவைப் பணிக்கு முதல் கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளத்தை எஃகுச் சங்கிலி கொண்டு அளக்க 57 நாள் ஆயிற்று. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை அளந்துகொண்டு போனார்கள். அன்று முக்கியமாகக் கோணத்தை அளந்தார்கள். இன்று கைபேசி தூரத்தை அளக்கிறது. இரண்டிலும் ஒரே நியாயம்தான்: ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கோள்கள் யாருடையவை?

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உண்டானது. முதல் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகே இந்த வசதி எல்லா நாட்டு மக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அதிபர் ரீகன் அறிவித்தார். அப்போதும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை தவறும். 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். வழி காட்டிய அந்த உயிர்களை நினைக்காமல் இந்த வரலாற்றைப் படிக்க முடிவதில்லை.

ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. நமக்கு நாவிக். இதன் முதல் கோள் 2013 ஜூலை 1-ஆம் தேதியும், ஏழாவது 2016 ஏப்ரல் 28-ஆம் தேதியும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. இந்தியாவையும் எல்லைக்கு வெளியே சுமார் 1,500 கிலோமீட்டர் வரையிலும் பயன்படும்படி வடிவமைத்தார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அணுக் கடிகாரங்கள் பல கோள்களில் பழுதுபட்டன. 2023 மே 29-ஆம் தேதி ஏவிய கோளில்தான் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் முதன்முதலாகப் போயிற்று. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த கோளை உரிய பாதைக்கு உயர்த்த முடியாமல் போயிற்று. ஆகவே நாவிக்கை மட்டும் நம்பி எந்தக் கைபேசியும் இயங்குவதில்லை; மற்ற கோள்களோடு சேர்த்து ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறது. கைபேசி வாங்கும்போது எத்தனை அமைப்புகளைக் கேட்கும் என்று பார்த்து வாங்குவது நல்லது. சாட்சி கூடக் கூட உண்மை தெளியும்.

நம் நாட்டுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. வானத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. கோளின் அலை அதைக் கடக்கும்போது தாமதப்படுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனை வழியே போவதால் இந்தத் தாமதமும் தடுமாற்றமும் நம் பக்கத்தில் அதிகம். அதிலும் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் கூடுதல். இந்தக் காந்த நடுக்கோட்டை ஆராயத்தான் 1963-இல் திருவனந்தபுரத்துக்கருகே தும்பாவில் ராக்கெட் தளமே அமைத்தார்கள். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கைபேசி இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டுப் பிழையைக் கழித்துவிடும். அப்படிப்பட்ட கைபேசிகள் 2018 முதல் வரத் தொடங்கின.

வீட்டுக்குள் வேறு சாட்சிகள்

சரி, அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்தது என்ன? கோளின் அலை இருபதாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து சேரும்போது மிகமிக மெலிந்துவிடுகிறது. கான்கிரீட் கூரையைத் துளைத்து வர அதற்குத் தெம்பில்லை. வீட்டுக்குள் வானம் தெரியாதபோது கைபேசி வேறு இருவரை விசாரிக்கிறது. ஒன்று மொபைல் டவர். அது சொல்வது உத்தேசம்தான், நூறு மீட்டரிலிருந்து கிலோமீட்டர் கணக்கில்கூடப் பிசகலாம். மற்றொன்று அக்கம்பக்கத்தில் இருக்கும் வைஃபை ரவுட்டர்கள். எந்த ரவுட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. தெருவில் போகிற வருகிற கைபேசிகள் மூலமாகவே அந்தப் பதிவேடு நிரம்புகிறது.

நாங்கள் வீடு மாறியபோது பாத்திரம் பண்டத்தோடு பழைய ரவுட்டரையும் கூடவே கொண்டுவந்திருந்தோம்! பதிவேட்டில் அதன் முகவரி இன்னும் மேற்கில்தான் இருந்தது. புதிய கட்டடத்தில் இரண்டு மூன்று குடும்பமே குடிவந்திருந்ததால் மறுத்துச் சொல்ல வேறு ரவுட்டரும் இல்லை. இது என் ஊகம் மட்டுமல்ல, சோதித்தும் பார்த்தேன். ரவுட்டரை அணைத்துவிட்டுப் பால்கனியில் நின்றால் புள்ளி கிழக்கில் சரியாக நின்றது. ரவுட்டரைப் போட்டுவிட்டு உள் அறைக்கு வந்தால் ரயில் பாதையைத் தாண்டிப் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. சில வாரங்கள் கழித்துப் பதிவேடு தானே திருந்தியது. ஆனால் எங்களுக்கு அது தேவைப்பட்ட இரவு கடந்துவிட்டது.

அடிக்கடி மாற்றலாகி ஊர் ஊராக வீடு மாறுகிறவர்கள் நம்மில் நிறைய. ஆகவே இதை முக்கியமாகச் சொல்கிறேன்: வீடு மாறிய முதல் சில வாரங்கள், வீட்டுக்குள்ளிருந்து லொகேஷன் அனுப்பும்போது எச்சரிக்கையாக இருங்கள்.

வட்டத்தைப் பாருங்கள்

படத்தில் நீலப் புள்ளியை எல்லோரும் பார்க்கிறோம். அதைச் சுற்றி வெளிறிய நீலத்தில் ஒரு வட்டம் இருக்கிறதே, அதை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் புள்ளியைவிட வட்டம்தான் முக்கியம். 'நீ இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாய். அதற்கு மேல் எனக்குத் தெரியாது' என்று கைபேசி ஒப்புக்கொள்வதுதான் அந்த வட்டம்.

எங்கள் சமண மரபில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவன் முழுதும் கண்டேன் என்று சொல்லக்கூடாது. குருடர்கள் யானையைத் தடவிய கதை எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எதைச் சொன்னாலும் 'ஸ்யாத்', அதாவது 'ஒருவகையில்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள் முன்னோர். கைபேசிக்கு 'ஸ்யாத்' என்று வாயால் சொல்லத் தெரியாது. வட்டம் போட்டுக் காட்டுகிறது. திறந்த வானத்தின் கீழ் அது சுமார் 5 மீட்டருக்கு வந்துவிடும். வீட்டுக்குள் ஐம்பது, நூறு என்று விரியும். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பும் இடத்தில் 'இத்தனை மீட்டர் வரை துல்லியம்' என்று எண்ணாகவே போட்டிருக்கும். அனுப்பும் முன் அந்த எண்ணைப் படியுங்கள். ஆயிரம் என்று இருந்தால் அனுப்பிப் பயனில்லை.

ஆனால் வட்டமும் சில சமயம் ஏமாற்றும். என் சோதனையில் தவறான வீட்டைக் காட்டியபோதும் வட்டம் சிறியதாகவே இருந்தது. சாட்சியே பொய்யானால் நீதிபதி என்ன செய்வார்? அப்போது இருக்கும் ஒரே மாற்று நம் கண்தான். படத்தை விரலால் பெரிதாக்கி, ரயில் பாதை எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம், தெருமுனைக் கடை எது என்று ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். ஐந்து வினாடி வேலை. அன்றிரவு நாங்கள் செய்யாமல் விட்டது அந்த ஐந்து வினாடி வேலையைத்தான்.

பழுது பார்க்கும் முறை

புள்ளி சரியாக நிற்கவில்லை என்றால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். எளியதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலாவது, வானம். ஜன்னலோரம், பால்கனி, மொட்டைமாடி என்று வானம் தெரிகிற இடத்துக்கு வாருங்கள். தகரக் கூரையும், உலோகப் பூச்சுள்ள கண்ணாடித் தாளும் அலையைத் தடுக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அலை சுவரில் பட்டு எதிரொலியாக வரும். நீண்ட வழி சுற்றி வந்ததால் தூரக் கணக்கு தவறி, நிற்கும் நம்மைப் பக்கத்துத் தெருவில் காட்டும். லோயர் பரேல் பக்கம் போனவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். நாலு எட்டு நடந்து திறந்த இடத்துக்கு வருவதே இதற்கு மருந்து.

இரண்டாவது, பொறுமை. கோள்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் விவரம் மிக மெதுவாக வருகிறது. ஒரு முறை முழுதாகக் கேட்கவே அரை நிமிஷம் ஆகும். இணையம் இருந்தால் கைபேசி அதை இணையம் வழியே சட்டென்று வாங்கிக்கொள்ளும். இல்லாத இடத்தில் ஓரிரு நிமிஷம் ஓர் இடத்தில் நில்லுங்கள். இணையம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பது தவறு. இடம் அறிய இணையம் தேவையில்லை. படம் காட்டத்தான் தேவை. மலைப்பாதையில் போகிறவர்கள் வீட்டிலேயே அந்தப் பகுதியின் படத்தை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

மூன்றாவது, அனுமதி. 2020-க்குப் பிறகு வந்த ஐபோன்களிலும் 2021-க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஒரு செயலிக்குத் துல்லியமான இடத்தைச் சொல்லலாமா, உத்தேச இடம் மட்டும் போதுமா என்று நம்மைக் கேட்கும். தெரியாமல் உத்தேசம் என்பதைத் தொட்டுவிட்டால் வழிகாட்டும் செயலி ஊரைச் சுற்றியே அலையும். செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போய், வழிகாட்டும் செயலிக்கு மட்டும் துல்லியத்தை அனுமதியுங்கள். மற்ற செயலிகளுக்கு, நம் வீடு எது என்று தெரியவேண்டிய அவசியமில்லை. அதே இடத்தில் ஆண்ட்ராய்டில் 'லொகேஷன் அக்யூரசி' என்பது போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியை மிச்சப்படுத்தும் முறை போட்டிருந்தால், சில கைபேசிகளில் திரை அணைந்ததும் இடம் அறிவதும் நின்றுவிடும். பயணத்தின்போது அதை எடுத்துவிடுங்கள். தேதியும் நேரமும் தானாக அமையும்படி வையுங்கள்.

நான்காவது, திசை. நாம் எங்கே நிற்கிறோம் என்பது வேறு, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது வேறு. முதலாவதைச் சொல்வது கோள். இரண்டாவதைச் சொல்வது கைபேசிக்குள் இருக்கும் காந்த முள். காந்தம் வைத்த உறை, காரில் ஒட்டும் காந்தப் பிடி இவையெல்லாம் அந்த முள்ளைக் கெடுக்கும். உறையைக் கழற்றி, கைபேசியைக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றினால் சரியாகும். அதுவும் இல்லாவிட்டால் இருபது அடி நடந்து பாருங்கள். நடக்கும் திசையை வைத்து அம்பு தானே திரும்பிக்கொள்ளும்.

ஐந்தாவது, கருவியால் முடியாதவை. மேம்பாலத்தின் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதில் கைபேசி அடிக்கடி குழம்பும். உயரக் கணக்கு எப்போதும் இடக் கணக்கைவிடப் பலவீனமானது. ஜே.ஜே. மேம்பாலம் ஏறியவர்களுக்கு இது அனுபவம். சுரங்கத்தில் கோளே கேட்காது. 2024-இல் திறந்த மும்பைக் கடற்கரைச் சாலையின் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் புள்ளி நின்றுவிட்டாலோ தடுமாறினாலோ பயப்படவேண்டாம். வெளியே வந்ததும் சரியாகும். இவை பழுதல்ல, எல்லை. எல்லை தெரிந்துவிட்டால் ஏமாற்றமில்லை.

ஆறாவது, படத்தின் பிழை. சில சமயம் புள்ளி சரியாக இருக்கும், படத்தில் கட்டடத்தின் பெயர் தவறான இடத்தில் இருக்கும். அப்போது கைபேசியைக் குறை சொல்லிப் பயனில்லை. படத்திலேயே திருத்தம் அனுப்பும் வசதி இருக்கிறது. நம் கட்டடத்தை நாமே திருத்தலாம்.

வாசலில் நின்று செய்யவேண்டிய வேலை

இத்தனையும் சொன்னபின் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆபத்து வந்த நேரத்தில் செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே செய்யவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி வந்து நிற்கக்கூடிய உங்கள் வாசல் கேட்டுக்கருகில், வானம் தெரியும்படி நில்லுங்கள். இரண்டு நிமிஷம் பொறுங்கள். வட்டம் சுருங்கியதும் புள்ளியின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. டோம்பிவிலி என்றால் 19.2, 73.1 என்பதையொட்டித் தொடங்கும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம். ஐந்து இலக்கம் இருந்தால் சுமார் 1 மீட்டர். ஐந்து இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த டிரைவருக்கும் எந்தப் படத்திலும் போட்டுப் பார்க்க முடிகிற அந்த இரண்டு எண்தான் அடிப்படை.

அதோடு கேட்டின் அடையாளத்தையும் இந்தியிலோ மராத்தியிலோ இரண்டு வரி எழுதிவையுங்கள். ஊரிலிருந்து நம் வீட்டுக்கு வந்து தங்கும் பெரியவர்களுக்கு இங்குள்ள பாஷை தெரியாது. நாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் 108-க்கோ 112-க்கோ கூப்பிட நேர்ந்தால், எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க அவர்களால் முடியவேண்டும். ஆகவே தமிழ் எழுத்திலும் அந்த இரண்டு வரியை எழுதுங்கள். பொருள் புரியாவிட்டாலும் வாசித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. எழுதியவர் அண்ணன்தான். இரண்டு வருஷம் பழகி இப்போது இடது கையால் எழுதுகிறார். எழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் எண் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. "ஏடு படியெடுக்கிற மாதிரிதான்டா இதுவும். ஒரு எழுத்து மாறினா பொருளே மாறிடும்" என்று சொல்லி, இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் ஒட்டவிட்டார்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இதைச் செய்யவேண்டும் என்பது என் வேண்டுகோள். தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளுக்கு நம் இளைஞர்கள் ஒரு நடை போய் எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவன் ஆகையால், காலை நேரமாக இருந்தால் சௌகரியம்.